நிசானுக்கு என்ன ஆச்சு? டாட்சன் முதல் மேக்னைட் வரை... 25 வருஷத்தில் இரண்டு முறை சறுக்கிய ஜப்பான் கார் நிறுவனத்தின் கதை

ஒரே நிதியாண்டில் 67,090 கோடி யென் நஷ்டம். நம்ம ஊர் கணக்கில் சுமார் 38 ஆயிரம் கோடி ரூபாய். 20,000 பேருக்கு வேலை போகும். 17 கார் ஆலைகள் 10 ஆகக் குறையும். 2025 மே மாதம் ஜப்பானின் நிசான் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பின் சாரம் இதுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் தன்னிடம் இருந்த பங்கு முழுவதையும் கூட்டாளியான ரெனால்ட்டிடம் கொடுத்துவிட்டது. நவம்பரில் யோகோஹாமாவில் உள்ள தலைமை அலுவலகக் கட்டடத்தையே 9,700 கோடி யென்னுக்கு விற்று, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருக்கப்போவதாக அறிவித்தது.

"நல்ல கம்பெனிதானே, திடீர்னு என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இது திடீரென்று வந்தது இல்லை. 1999-2000 நிதியாண்டிலும் நிசான் சுமார் 68,400 கோடி யென் நஷ்டம் காட்டியது. 25 வருஷ இடைவெளியில் கிட்டத்தட்ட அதே தொகை, அதே பள்ளம்!

நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வேர்கள் கொண்ட ஒரு நிறுவனம் ஏன் ஒரே பள்ளத்தில் இரண்டு முறை விழுந்தது? அதன் கதையையும் கார்களையும் ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

டாட்சன் என்ற பெயர் எப்படி வந்தது?

1911-இல் மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்ற பொறியாளர் டோக்கியோவில் ஒரு மோட்டார் பட்டறையைத் தொடங்கினார். அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் மூன்று பேர்: டென், அயோயாமா, டகேயுச்சி. 1914-இல் அவர் உருவாக்கிய காருக்கு அந்த மூவரின் பெயர்களிலிருந்து ஆங்கில முதல் எழுத்துகளை எடுத்து 'டாட்' என்று பெயர் வைத்தார்.

1930-களின் தொடக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு கார் வந்தது. 'டாட்' காரின் பிள்ளை என்ற பொருளில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து 'டாட்சன்' என்றார்கள். அங்கேதான் சிக்கல். 'சொன்' என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் நஷ்டம் என்று பொருள்! கார் விற்கிறவன் வண்டி மேலேயே 'நஷ்டம்' என்று எழுதி ஒட்டுவானா? உடனே ஆங்கில எழுத்துகளை மாற்றி, மகனைச் சூரியன் ஆக்கிவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் உலகம் அறிந்த டாட்சன், அந்தச் சூரியன் டாட்சன்தான்.

சரி, 'நிசான்' எங்கிருந்து வந்தது? யோஷிசுகே ஐகாவா என்ற தொழிலதிபரின் குழுமத்துக்குப் பெயர் 'நிஹோன் சாங்யோ'. 'ஜப்பான் தொழில்துறை' என்று பொருள். டோக்கியோ பங்குச்சந்தையில் அந்தப் பெயரைச் சுருக்கி 'நிசான்' என்று அழைத்தார்கள். 1933 டிசம்பரில் ஐகாவா யோகோஹாமாவில் தொடங்கிய கார் நிறுவனம் 1934-இல் 'நிசான் மோட்டார்' என்று பெயர் மாறியது. ஆக, நிசான் என்பது கம்பெனியின் பெயர். டாட்சன் என்பது அது விற்ற காரின் பெயர். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

போருக்குப் பிறகு எழுந்தது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் நொறுங்கியது. மறுபடியும் கார் செய்ய வேண்டும், ஆனால் தொழில்நுட்பத்தில் பல வருஷம் பின்தங்கிவிட்டார்கள். 1952-இல் பிரிட்டனின் ஆஸ்டின் நிறுவனத்தோடு நிசான் ஒப்பந்தம் போட்டது. ஆஸ்டின் கார்களை ஜப்பானில் பூட்டி விற்றபடியே வேலையைக் கற்றுக்கொண்டது.

கற்றது வீண் போகவில்லை. 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த கடினமான நெடுந்தூரப் பந்தயத்தில் டாட்சன் தன் பிரிவில் ஜெயித்தது. அந்த அணியை நடத்திச் சென்றவர் யுடாகா கடாயாமா. 1960-இல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 'மிஸ்டர் கே' என்று அமெரிக்கர்கள் செல்லமாக அழைத்த இவர்தான் அங்கே டாட்சனை வீட்டுப் பெயராக்கினார்.

அவர் காலத்தில் வந்த முக்கியமான கார் 1969-இன் இசட் ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் அதன் பெயர் 'ஃபேர்லேடி இசட்'. அந்தப் பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று கடாயாமா பெயர்ப்பலகையையே கழற்றிவிட்டு '240 இசட்' என்று விற்றார். விலை உயர்ந்த ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் கொடுத்த சந்தோஷத்தைச் சாதாரண சம்பளக்காரர் வாங்கும் விலையில் கொடுத்தது அந்த கார். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது சின்ன டாட்சன் கார்களுக்கும் கிராக்கி ஏறியது.

உள்நாட்டில் மட்டும் நிலைமை வேறு. 1966-இல் நிசான் 'சன்னி' என்ற குடும்ப காரை 1,000 சிசி எஞ்சினுடன் கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே டொயோட்டா 1,100 சிசி எஞ்சினுடன் 'கொரோலா'வை இறக்கி, அந்தக் கூடுதல் 100 சிசி-யையே விளம்பரமாக்கியது. கொரோலா ஜெயித்தது. ஜப்பானில் நிசான் இரண்டாம் இடத்துக்காரராகவே இருந்தது. முதலிடத்தைப் பிடிக்கும் இந்தத் துடிப்பு நிசானுக்குப் பலமாகவும் இருந்தது, பின்னாளில் பாரமாகவும் ஆனது.

ஸ்கைலைன், ஜி.டி.-ஆர்... உண்மையில் யாருடைய பிள்ளை?

நிசான் என்றதும் கார் பிரியர்கள் முதலில் சொல்லும் பெயர் 'ஸ்கைலைன் ஜி.டி.-ஆர்'. ஆனால் ஸ்கைலைன் நிசான் வீட்டில் பிறந்ததே இல்லை. போர்க்காலத்தில் விமானம் செய்துகொண்டிருந்த நகாஜிமா, டச்சிகாவா நிறுவனங்களின் வழியில் வந்தது 'பிரின்ஸ்' என்ற கார் நிறுவனம். அது 1957-இல் அறிமுகப்படுத்திய கார்தான் ஸ்கைலைன். ஜப்பான் அரசு ஊக்கம் கொடுக்க, 1966-இல் பிரின்ஸ் நிசானோடு இணைந்தது. ஸ்கைலைனும் அதன் பொறியாளர்களும் நிசானுக்கு வந்தார்கள்.

முதல் ஜி.டி.-ஆர் 1969-இல் வந்தது. 1989-இல் வந்த ஆர்32 ஜி.டி.-ஆர், ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 என அடுத்தடுத்து ஜெயித்தது. ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று வைத்த 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2007-இல் 'ஸ்கைலைன்' என்ற முன்னொட்டு இல்லாமல் ஆர்35 ஜி.டி.-ஆர் வந்தது. 18 வருஷம் ஓடி, 2025 ஆகஸ்டில் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

பிரின்ஸ் வழியில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. போர் முடிந்து பெட்ரோல் கிடைக்காத 1947-இல், அந்த நிறுவனத்தின் முன்னோடி 'டாமா' என்ற மின்சார காரைச் செய்து விற்றது. நிசான் தன் மின்சார கார் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தியாவில் நிசான் எப்போது வந்தது?

2010 என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்பே நிசான் வண்டி இந்திய ராணுவத்தில் ஓடியது. 'ஜோங்கா' ஞாபகம் இருக்கிறதா? ராணுவத்தில் வேலை பார்த்த தாத்தாக்கள் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நிசான் 'பேட்ரோல்' ஜீப்பின் வடிவத்தில், உரிமம் பெற்று ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி அது.

முதல் பள்ளம்: 1990-களில் என்ன நடந்தது?

1980-களில் நிசான் உலகம் முழுக்கக் கால் பதித்தது. 1983-இல் அமெரிக்காவின் டென்னசியில் உற்பத்தி தொடங்கியது. 1986-இல் பிரிட்டனின் சண்டர்லேண்ட் ஆலையைப் பிரதமர் மார்கரெட் தாட்சரே வந்து திறந்துவைத்தார். 1989-இல் அமெரிக்காவுக்காக 'இன்ஃபினிட்டி' என்ற சொகுசு பிராண்டு பிறந்தது.

அதே பத்தாண்டில்தான் ஒரு விசித்திரமான முடிவும் எடுக்கப்பட்டது. உலகம் முழுக்க ஒரே பெயர் இருக்கட்டும் என்று, வெளிநாட்டில் எல்லாருக்கும் தெரிந்த 'டாட்சன்' பெயரைப் படிப்படியாக எடுத்துவிட்டு 'நிசான்' என்று மாற்றினார்கள். கடாயாமா பாடுபட்டு வளர்த்த பெயர் அப்படியே ஓரம்போனது.

ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்ததும் உண்மை வெளியே வந்தது. விற்பதைவிட அதிகமாகச் செய்யும் ஆலைகள். உதிரிபாகம் கொடுப்பவர்கள், வங்கிகள் என்று 1,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் சும்மா முடங்கிக் கிடந்த பங்கு முதலீடு. சுமார் 2 லட்சம் கோடி யென் கடன். எட்டு வருஷத்தில் ஏழு வருஷம் நஷ்டம்.

ஆலை அதிகமாக இருந்தால் என்ன தப்பு?

நிசானின் இரண்டு சரிவுகளுக்கும் இதுவே மையம் என்பதால் கொஞ்சம் நின்று பார்த்துவிடுவோம்.

உதாரணத்துக்கு, வருஷத்துக்கு 1 லட்சம் கார் செய்யக்கூடிய ஓர் ஆலை. இடம், இயந்திரம், கடன் வட்டி, நிரந்தர ஊழியர் சம்பளம் எல்லாம் சேர்த்து வருஷச் செலவு 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் கார் செய்தால் ஒரு காரின் தலையில் விழும் செலவு 1 லட்சம் ரூபாய். 50 ஆயிரம் கார் மட்டும் செய்தால்? அதே செலவு ஒரு காருக்கு 2 லட்சம் ஆகிவிடும். கார் விற்கவில்லை என்பதற்காக இயந்திரத்தின் கடன் வட்டி குறையாது.

அப்போ கம்பெனி என்ன செய்யும்? ஆலை சும்மா இருக்கக் கூடாதென்று செய்துகொண்டே இருக்கும். விற்காத காரைத் தள்ளுபடி போட்டு விற்கும். தள்ளுபடியில் பழகிய வாடிக்கையாளர் அடுத்த முறை முழு விலை கொடுக்க மாட்டார். லாபம் குறையும். லாபம் குறைந்தால் புது மாடல் உருவாக்கப் பணம் இருக்காது. பழைய மாடலையே விற்க வேண்டும். அதற்கு இன்னும் பெரிய தள்ளுபடி!

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். நிசானுக்கு விரலைவிட வீக்கம் பெரிதாக இருந்தது.

கார்லோஸ் கோன் வந்தார்... என்ன செய்தார்?

1999 மார்ச்சில் பிரான்ஸின் ரெனால்ட் நிறுவனம் நிசானின் 36.8 சதவீதப் பங்கை வாங்கியது. கூடவே கார்லோஸ் கோன் என்ற நிர்வாகியை அனுப்பியது. பிரேசிலில் பிறந்து, லெபனானில் வளர்ந்து, பிரான்ஸில் படித்தவர். செலவைக் குறைப்பதில் பெயர் எடுத்தவர்.

1999 அக்டோபரில் அவர் அறிவித்த திட்டம் ஜப்பானையே அதிர வைத்தது. ஐந்து ஆலைகள் மூடல், 21,000 வேலைகள் குறைப்பு, முடங்கிக் கிடந்த பங்குகள் விற்பனை. ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுவதுதான் வழக்கம் என்றிருந்த நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. ஸ்கைலைனைச் செய்துவந்த முராயாமா ஆலையும் மூடப்பட்டது.

பலன் வேகமாகத் தெரிந்தது. அடுத்த நிதியாண்டிலேயே நிசான் சுமார் 33,100 கோடி யென் லாபம் காட்டியது. கோன் ஜப்பானில் நாயகன் ஆனார். அவரை வைத்து காமிக்ஸ் புத்தகமே வந்தது.

ஆனால் இந்த உறவில் ஒரு முள்ளும் இருந்தது. ரெனால்ட்டிடம் இருந்த நிசான் பங்கு பின்னர் 43.4 சதவீதம் ஆனது, அதற்கு வாக்குரிமை உண்டு. நிசானிடம் இருந்த ரெனால்ட் பங்கு 15 சதவீதம், அதற்கு வாக்குரிமை இல்லை. காலப்போக்கில் ரெனால்ட்டைவிட நிசான் அதிக கார் விற்கத் தொடங்கியது. 'சம்பாதிப்பது நாங்கள், முடிவெடுப்பது அவர்களா?' என்ற மனக்கசப்பு நிசானுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது.

மறுபடியும் அதே ஆசை

பிழைத்து எழுந்த நிசான் அடுத்து என்ன செய்தது? மறுபடியும் பெரிதாகக் கனவு கண்டது. 2011-இல் கோன் அறிவித்த திட்டம்: உலக கார் சந்தையில் 8 சதவீதப் பங்கு, 8 சதவீத லாப விகிதம், இரண்டும் 2016 நிதியாண்டுக்குள். இதற்காகப் பல நாடுகளில் ஆலைத் திறன் கூட்டப்பட்டது.

இந்தக் காலத்தில் உருப்படியான வேலைகளும் நடந்தன. 2010 டிசம்பரில் வந்த 'லீஃப்', சாதாரண மக்களுக்காகப் பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட மின்சார கார்களில் முன்னோடி. 2020-இல் 5 லட்சமாவது லீஃப் உற்பத்தியானது. ஆனால் முதல் லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டும் வசதி இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாதிரி வெயில் ஊர்களில் பேட்டரி சீக்கிரம் திறன் இழக்கிறது என்று புகார் வந்தது. முதலில் ஓடத் தொடங்கியவர் நிசான்தான். ஆனால் அடுத்தடுத்த மாடல்களை வேகமாகக் கொண்டுவராததால் டெஸ்லாவும் சீன நிறுவனங்களும் முந்திவிட்டன.

2016-இல் மிட்சுபிஷி மோட்டார்ஸின் 34 சதவீதப் பங்கையும் நிசான் வாங்கியது. 2017-இல் ரெனால்ட், நிசான், மிட்சுபிஷி மூன்றும் சேர்ந்து விற்ற வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டின. வெளியே பார்க்க எல்லாம் பிரமாதம்.

கைது... இசைக்கருவிப் பெட்டி... தப்பியோட்டம்

2018 நவம்பர் 19. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் வந்து இறங்கிய கார்லோஸ் கோன் கைது செய்யப்பட்டார். தன் ஊதியத்தைக் குறைத்துக் காட்டினார் என்பது முதல் குற்றச்சாட்டு, பின்னர் மேலும் சில சேர்ந்தன. அனைத்தையும் அவர் மறுக்கிறார். நிசானையும் ரெனால்ட்டையும் முழுமையாக இணைத்துவிடுவேன் என்று பயந்து நிசானுக்குள் இருந்தவர்கள் செய்த சதி என்பது அவர் வாதம்.

அடுத்தது சினிமாவை மிஞ்சிய காட்சி. ஜாமீனில் இருந்த கோன், 2019 டிசம்பர் 29 அன்று இசைக்கருவிகள் வைக்கும் பெரிய பெட்டிக்குள் ஒளிந்து, ஒசாகா அருகே உள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து தனி விமானத்தில் தப்பினார். துருக்கி வழியாக லெபனான் போய்ச் சேர்ந்தார். லெபனான் தன் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதில்லை. அதனால் ஜப்பானில் அவர் மீதான வழக்கு விசாரணை நடக்கவே இல்லை.

உலகம் பெட்டிக் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, நிசான் உள்ளே இளைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பள்ளம்: இந்த முறை ஏன்?

2017 நிதியாண்டில் நிசான் விற்ற வாகனங்கள் சுமார் 57.7 லட்சம். 2024 நிதியாண்டில் சுமார் 33.5 லட்சம். ஏழு வருஷத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல், ஏன், நாற்பது சதவீதத்துக்கும் மேல் காணாமல் போய்விட்டது. காரணங்கள் மூன்று.

ஒன்று, அமெரிக்கா. அங்கே எண்ணிக்கைக்காகத் தள்ளுபடியில் விற்றுப் பழகியதால் நிசான் என்றாலே 'டிஸ்கவுன்ட் வண்டி' என்ற பெயர் வந்துவிட்டது. பின்னர் ஹைபிரிட் கார்களுக்கு அங்கே கிராக்கி கூடியபோது விற்பதற்கு நிசானிடம் ஹைபிரிட் கார் இல்லை. இத்தனைக்கும் ஜப்பானில் 2016 முதலே 'இ-பவர்' என்ற ஹைபிரிட் தொழில்நுட்பத்தை நிசான் விற்றுவந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

இரண்டு, சீனா. 2018-இல் அங்கே 15 லட்சத்துக்கும் மேல் விற்ற நிசான், 2024-இல் 7 லட்சத்துக்கும் கீழே வந்தது. உள்ளூர் மின்சார கார்கள் விலையிலும் வசதியிலும் முந்திவிட்டன.

மூன்று, மேலே பார்த்த அதே ஆலைக் கணக்கு. பெரிய இலக்குக்காகக் கட்டிய ஆலைகள், குறைந்த விற்பனையைச் சுமந்துகொண்டிருந்தன.

ஹோண்டாவோடு கல்யாணம் ஏன் நின்றது?

2024 டிசம்பர் 23 அன்று ஹோண்டாவும் நிசானும் இணைவது பற்றிப் பேசத் தொடங்கியதாக அறிவித்தன. இரண்டுக்கும் மேலே ஒரு தாய் நிறுவனம், அதன் கீழ் இரண்டும் சமமாக இருக்கும் என்பது முதலில் பேசிய பேச்சு. பிறகு ஹோண்டா, நிசானைத் தன் துணை நிறுவனமாக்கலாம் என்று யோசனை சொன்னது. நிசான் ஒத்துக்கொள்ளவில்லை. 2025 பிப்ரவரி 13 அன்று பேச்சு முறிந்தது. பேச்சு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நிசானின் தலைமைச் செயல் அதிகாரி மகோடோ உச்சிடா பதவி விலகினார். ஏப்ரல் 1 முதல் மெக்சிகோவைச் சேர்ந்த இவான் எஸ்பினோசா பொறுப்பேற்றார். அடுத்த மாதமே வந்ததுதான் முதலில் சொன்ன அந்த அறிவிப்பு. சீனா நீங்கலாக ஆண்டுக்கு 35 லட்சம் என்றிருந்த உற்பத்தித் திறனை 25 லட்சமாகக் குறைப்பது திட்டம். 1961-இல் திறக்கப்பட்ட, முதல் லீஃப் பிறந்த ஒப்பாமா ஆலையிலும் 2028 மார்ச்சுக்குள் கார் உற்பத்தி நிற்கப் போகிறது. 1999-இல் கோன் எழுதிக் கொடுத்த அதே மருந்துச்சீட்டு, இந்த முறை வேறு மருத்துவர் கையெழுத்தோடு!

ஒரகடத்தில் என்ன நடக்கிறது?

இனி நம்ம ஊர் விஷயம். 2008-இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்ட ரெனால்ட்-நிசான் கூட்டணி, 2010 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் கார்கள் என்பது இலக்கு. முதல் கார் நிசான் மைக்ரா. அடுத்து சன்னி, டெரானோ என்று வரிசையாக வந்தன.

ஆனால் ஒரே காரை இரண்டு பெயரில் விற்றது குழப்பத்தைத்தான் கொடுத்தது. நிசான் மைக்ராதான் ரெனால்ட் பல்ஸ். நிசான் சன்னிதான் ரெனால்ட் ஸ்காலா. ரெனால்ட் டஸ்டர்தான் நிசான் டெரானோ. ஷோரூம் மட்டும் வேறு. வாங்குகிறவருக்கு எதை எதற்காக வாங்குவது என்றே புரியவில்லை.

2014-இல் ஓரம்போன 'டாட்சன்' பெயருக்கு இந்தியாவில் உயிர் கொடுத்தார்கள். டாட்சன் கோ காரின் தொடக்க விலை 3.12 லட்சம் ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அந்தக் காருக்குப் பூஜ்ஜியம் ஸ்டார் கிடைத்தது. விலை குறைவு என்பதற்காக மட்டும் யாரும் வாங்கவில்லை. 2022-இல் டாட்சன் மறுபடியும் மூடப்பட்டது.

இடையில் ஒரு வழக்கும் வந்தது. தமிழ்நாடு அரசு தர வேண்டிய முதலீட்டு ஊக்கத்தொகை பாக்கி இருப்பதாகச் சொல்லி, இந்தியாவுக்கு எதிராக நிசான் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்ற செய்தி 2017-இல் வெளியானது. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது.

2020 டிசம்பரில் வந்த மேக்னைட்தான் நிசானை இந்தியாவில் பிடித்து நிறுத்திய கார். இங்கே விற்பதோடு 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. 2023-இல் ஒரகடத்தில் புது மாடல்களுக்காக 5,300 கோடி ரூபாய் முதலீடு என்று இரண்டு நிறுவனங்களும் அறிவித்தன. ஆனால் ஜப்பானில் வீடு தீப்பிடித்தபோது, 2025 மார்ச் இறுதியில், தன்னிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனால்ட்டுக்குக் கொடுக்க நிசான் முடிவெடுத்தது. ஆகஸ்டில் அது நிறைவேறியது. ஒரகடம் ஆலை இப்போது முழுக்க ரெனால்ட்டுடையது.

அப்போ நிசான் கார் வைத்திருப்பவர்கள் கதி?

பயப்பட வேண்டாம், ஆனால் புரிந்துகொள்ள வேண்டும். நிசான் விற்றது ஆலையில் இருந்த பங்கைத்தான், இந்தியாவில் கார் விற்கும் தொழிலை இல்லை. மேக்னைட் அதே ஆலையில் தொடர்ந்து தயாராகிறது. வித்தியாசம் இதுதான்: நேற்று வரை நிசான் வீட்டுக்காரர், இன்று வாடிக்கையாளர். ரெனால்ட் செய்து கொடுக்கும், நிசான் தன் பெயரில் விற்கும். 'டெக்டன்' என்ற புது எஸ்யூவி-யையும் நிசான் இந்தியாவுக்கு அறிவித்திருக்கிறது. மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள தொழில்நுட்ப மையத்தில் நிசானின் 49 சதவீதப் பங்கும் தொடர்கிறது.

ஊழியர்களுக்கும் இது முக்கியம். ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் மறைமலைநகர் ஆலையில் கடைசி கார் வெளியே வந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. ஒரகடத்தில் நடந்தது அது இல்லை. ஆலை மூடப்படவில்லை, கை மாறியிருக்கிறது. ஆனால் அந்த ஆலையின் எதிர்காலம் இனி ரெனால்ட், நிசான் இரண்டின் கார்களும் எவ்வளவு விற்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த 1 லட்சம் கார் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

முக்கிய மாடல்கள்: ஒரு பார்வை

பேட்ரோல் (1951): கரடுமுரடு பாதைக்கான வண்டி. நம்ம ராணுவ ஜோங்காவின் மூலம்.

ஸ்கைலைன் (1957): பிரின்ஸ் நிறுவனத்தின் கார். 1966 இணைப்பில் நிசானுக்கு வந்தது.

சன்னி (1966): கொரோலாவோடு மோதிய குடும்ப கார்.

இசட் (1969): அமெரிக்காவில் பெயர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்.

மைக்ரா (1982): ஜப்பானில் பெயர் 'மார்ச்'. ஒரகடம் ஆலையின் முதல் கார்.

காஷ்காய் (2006): சண்டர்லேண்டில் தயாராகி ஐரோப்பாவில் கிராஸ்ஓவர் மோகத்தை வளர்த்த கார்.

லீஃப் (2010): மின்சார கார்களின் முன்னோடி. மூன்றாம் தலைமுறை 2025-இல் அறிமுகமானது, பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டலோடு.

மேக்னைட் (2020): ஒரகடத்தில் பிறந்து உலகம் சுற்றும் சின்ன எஸ்யூவி.

இனி என்ன?

நிசானிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இசட், ஜி.டி.-ஆர், லீஃப் எல்லாம் காலத்தை முந்தி வந்த கார்கள். பிரச்சினை காரில் இல்லை, கணக்கில். இரண்டு முறையும் 'எவ்வளவு விற்கப் போகிறோம்' என்ற ஆசையை வைத்து ஆலை கட்டினார்கள். 'எவ்வளவு விற்கிறோம்' என்பதை வைத்து இல்லை. ஆசைக்கும் உண்மைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வேலைதான் நிரப்பியது.

1999-இல் ஆலையை மூடியதும் லாபம் வந்தது, அதோடு பழைய ஆசையும் வந்தது. இந்த முறை 25 லட்சம் கார் திறனோடு அடக்கமாக நிற்குமா, கொஞ்சம் மூச்சு வந்ததும் மறுபடியும் எண்ணிக்கையைத் துரத்துமா? நிசானின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஒப்பாமாவில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் இல்லை, ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி முக்கியம்.